பாத்துக் குடுங்க

மணி மூணே முக்கால்தான், ஆனால் ஆறரை போல இருட்டிக்கொண்டு கொட்டியது. பாலத்துக்கு அடியில் காய்ந்த தரையில் பதினோரு ஆட்டோ, பதினோரு டிரைவர், பதினோரு பேரும் போனில் ஆப்பை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு மழையை வேடிக்கை பார்த்தார்கள், ஏதோ ஜென்மத்தில் மழையே பார்க்காதவர்கள் மாதிரி. எல்லாம் இருதயராஜ் சொன்ன யோசனை. "மச்சான், வண்டி கம்மியா இருந்தாதான் ரேட்டு ஏறும். நாம பதினோரு பேரும் ஆஃப் பண்ணா ஏரியாவுல வண்டியே இல்லன்னு நெனச்சுக்கும். ஒரு மணி நேரம் பல்லக் கடிச்சுக்கினு இரு, ஒண்ணரை மடங்கு ஆவும், ஒண்ணே முக்கால் ஆவும், ரெண்டு ஆனா தெறந்து வுடலாம்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. கஜபதியும் தலையாட்டினான். ஐம்பத்தி நாலு வயசு, முப்பது வருஷமாக ஹேண்டில்பார் பிடித்த கை, வேலை இல்லாமல் சும்மா இருக்க மாட்டேன் என்று அதுபாட்டுக்குப் பாக்கெட்டில் இருந்த போனைத் தடவிக்கொண்டே இருந்தது. இதில் ஒரு கூத்து என்னவென்றால், எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஆன் பண்ண வேண்டும், ஆன் பண்ணினால் சவாரி வந்து விழுந்துவிடும். ஆப்பு என்று பேர் வைத்தவன் கண்டிப்பாகத் தமிழ் தெரிந்தவன்தான். மேப்பில் அங்கங்கே செவப்பாகத் திட்டுத் திட்டாக வரும், செவப்பு இருக்கிற இடத்தில் ரேட்டு ஜாஸ்தி என்று அர்த்தம். வேகாத வெயிலில் மூணு கிலோமீட்டர் அடித்துக்கொண்டு போய் நின்றால் அங்கே இவனை மாதிரி இருபது பேர் வந்து நிற்பான், செவப்பு அடுத்த பேட்டைக்குப் போயிருக்கும். முன்னெல்லாம் இப்படிக் கிடையாது. முன்னெல்லாம் ரேட்டு வாயில் இருந்தது. மழை வந்தால் அதற்கு ஒரு முகம், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு முகம், கல்யாணப் பட்டுப்புடவைக்கு ஒரு முகம், பத்து கூட, இருபது கூட, எல்லாம் ஆள் முகத்தைப் பார்த்துத்தான். கேட்கிறவனுக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கும், கொடுக்கிறவனுக்கும் கொஞ்சம் எரிச்சல் இருக்கும், முடிந்ததும் இரண்டு பேரும் மறந்துவிடுவார்கள். இந்த மிஷினுக்குத்தான் கூச்சநாச்சமே கிடையாது. ஒண்ணே முக்கால் என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கிறது.

பாத்துக் குடுங்க. இந்த வார்த்தையைத் தன் வாழ்நாளில் எத்தனை தடவை சொல்லியிருப்பான். ஒரு நாளைக்குப் பத்து என்று வைத்தாலும், வேண்டாம், கணக்குப் போட்டால் தலை சுத்தும். தொகையைச் சொல்லாமல் கேட்கிற வித்தை அது. கெஞ்சல் பாதி, மிரட்டல் பாதி. சொல்கிறபோது மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட ஸ்டாண்டில் பழக்கம் உண்டு, ஆளைப் பார்க்கக் கூடாது, மீட்டரைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் இழுத்துச் சொல்ல வேண்டும். யார் யாரிடமோ சொல்லியிருக்கிறான், ஒன்றும் உறுத்தினதில்லை. ஒரே ஒருத்தரிடம் சொன்னதுதான் ஒன்பது வருஷமாகத் தொண்டையில் மாட்டின மீன்முள் மாதிரி, மழை பெய்தால் போதும், அசைய ஆரம்பித்துவிடும். வத்சலா டீச்சர். செட்டிக்குளம் தெரு, ஒன்பதாம் நம்பர், பச்சை கேட். காலையில் ஏழு நாற்பதுக்கு கேட்டில் நிற்பார், இவன் வண்டி தெருவில் திரும்பும்போதே கைப்பையைத் தோளில் மாட்டிக்கொள்வார், பள்ளிக்கூடத்தில் இறங்கும்போது எட்டு அஞ்சு. பதினொரு வருஷம். மாசம் பிறந்தால் முதல் தேதி ஒரு கவரில் வாடகை வந்துவிடும், கவரின் மேல் பச்சை மையில் அவன் பேர், 'திரு. கஜபதி' என்று. அவனைத் திரு போட்டு எழுதின ஒரே மனுஷி. லைசென்ஸில்கூடக் கிடையாது. அந்தக் கவர்களை அவன் பெண்டாட்டி கோமளா அலமாரியில் அடுக்கி வைத்திருந்தாள், எதுக்குடி இந்தக் குப்பை என்றால், பேரு எழுதியிருக்குல்ல என்பாள். காலையில் டீச்சர் ஏறினதும் இவன் எஃப்.எம்.மை அணைத்துவிடுவான். பின்னால் நோட்டுக் கட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டே வருவார். அஞ்சாம் கிளாஸ் பிள்ளைகள். "கஜபதி, இதக் கேளு, மழை ஏன் பெய்கிறதுன்னு கேட்டதுக்கு ஒருத்தன் எழுதியிருக்கான், லீவு விடுவதற்காகன்னு" என்று படித்துக்காட்டிச் சிரிப்பார், கண்ணாடியில் அவர் சிரிப்பதைப் பார்த்து இவனும் சிரிப்பான். டெப்போ தாண்டி, குழாய் போட்டு மூடின இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மேடு இருக்கும். முதல் வாரமே அந்த மேட்டில் வண்டி தூக்கிப் போட்டு ஒரு பெண்பிள்ளையின் நோட்டில் சிவப்புக் கோடு குறுக்கே ஓடிவிட்டது, டீச்சருக்கு மனசே ஆறவில்லை, அந்தக் குழந்தை தப்பு போட்டிருக்காங்கன்னு நெனச்சு அழுவாளேப்பா என்று இறங்குகிற வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். அடுத்த நாளிலிருந்து மேட்டுக்குப் பத்தடி முன்னால் இவன் "மேடு டீச்சர்" என்பான். பின்னால் பேனா பேப்பரை விட்டு மேலே எழும்பும், வண்டி ஏறி இறங்கும், பேனா மறுபடி உட்காரும். பதினொரு வருஷத்தில் அப்புறம் ஒரு நோட்டில்கூடக் கோடு விழவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், கஜபதிக்கு வாழ்க்கையில் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். சொந்தமாக வண்டி வாங்கினதோ மகளைக் கட்டிக்கொடுத்ததோ இல்லை. மேடு டீச்சர்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தின அந்த வெள்ளிக்கிழமையும் இதே மாதிரிதான் மழை. மத்தியானமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். சுரங்கப்பாதையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வழியில் ஒரு ஆள் பெட்டியும் குடும்பமுமாக வண்டிக்குக் குறுக்கே விழுந்தான், சென்ட்ரலுக்கு ஆயிரம் ரூபாய் தருகிறேன் என்றான், கையில் தாளை எடுத்தே காட்டினான். அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் சம்பாதித்தார்கள், அப்போது மேப்பு எதற்கு, செவப்பு எதற்கு, வானமே சொல்லிவிட்டதே. கஜபதி அதை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சரைக் கூட்டிவரப் போனான். போனது பெரிசில்லை, போகும்போதே ஆயிரம் ரூபாயை விட்டுட்டுப் போறேன், ஆயிரம் ரூபாயை விட்டுட்டுப் போறேன் என்று மனசு முனகிக்கொண்டே போனதே, அதுதான் வினை. வண்டி பாதியில் அணைந்துவிட்டது. இறங்கித் தள்ளினான். டீச்சர் நானும் தள்றேம்பா என்றார், வேணாம் உக்காருங்க என்றான். அரைமணி நேரப் பாதைக்கு இரண்டு மணி நேரம். பச்சை கேட் வந்தது. டீச்சர் இறங்கினார், புடவை முழுக்க சேறு, ரொம்ப நன்றி கஜபதி, நீ வரலேன்னா என்று ஏதோ ஆரம்பித்தார். அந்த நேரத்தில்தான் வாய் அதுபாட்டுக்குச் சொன்னது. மீட்டரைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் இழுத்து. "பாத்துக் குடுங்க டீச்சர்." பதினொரு வருஷத்தில் அவரிடம் சொல்லாத வார்த்தை. சொல்லவேண்டிய அவசியமே இல்லாத இடம். டீச்சர் பாதியில் நிறுத்திவிட்டார். பையைத் திறந்து ஒரு ஐநூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டான். வாங்கினான் பாரு, அதுதான். அவர் உள்ளே போனார், கேட் கொண்டி விழுகிற சத்தம் கேட்டது. திங்கக்கிழமை டீச்சர் கேட்டில் இல்லை. கோமளாவிடமும் அப்படித்தான் சொன்னான், இல்லடி, டீச்சர் வேற ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க போல, கேட்டுல ஆளக் காணோம். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கவர்களை அலமாரியின் உள்பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"இன்னா மச்சான், போன கையில எடுக்குற?" என்றான் இருதயராஜ். "டைம் பாக்குறேன்" என்றான் கஜபதி. டைம் பார்க்கிற மாதிரியே விரல் போய் ஆப்பை ஆன் பண்ணிவிட்டது. சும்மா பார்க்கத்தான். ஒண்ணே முக்கால் தாண்டி ஒன்று புள்ளி ஒன்பது காட்டியது, மேப்பு முழுக்க ரத்தம் மாதிரி. அடுத்த நொடி கையிலேயே கத்த ஆரம்பித்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் வட்டம் சுற்றியது, பதினைந்து எண்ணுவதற்குள் அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வண்டிக்குப் போய்விடும். ஏறும் இடம், செட்டிக்குளம் தெரு, ஒன்பது. ஒன்பதாம் நம்பரில் இப்போது யார் இருக்கிறார்களோ, வீட்டை விற்றிருக்கலாம், வாடகைக்கு விட்டிருக்கலாம். பதினாலு, பதிமூணு. அவராகவே இருந்தால், இரட்டை ரேட்டில் போய் நிற்க வேண்டுமா. அன்றைக்கு வாயால் கேட்டதை இன்றைக்கு மிஷின் கேட்கும், இவன் மீட்டரைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. பத்து. விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. இந்த மழையில் அடுத்த வண்டி எப்போது போகும், பதினோரு பேரும் இங்கே அல்லவா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம், அவர் மழையில் நிற்பதே நம்மாலல்லவா. எட்டு. கேட்டில் ஆள் இல்லை என்று கோமளாவிடம் சொன்னாயே, கேட் சாத்தியிருந்தது, ஆமாம் சாத்தியிருந்தது, சாத்தியிருந்தால் ஆள் இல்லை என்றுதானே அர்த்தம், அந்தத் தெருவில் இருக்கிற பால் பூத் பக்கத்திலிருந்து பார்த்தபோது சாத்தித்தான் இருந்தது. பால் பூத்திலிருந்து ஒன்பதாம் நம்பர் தெரியாதே கஜபதி. நடுவில் வேப்பமரம். நாலு. மூணு. அமுக்கினான். "டேய்" என்று இருதயராஜ் எழுந்தான், "பேச்சுன்னா பேச்சுல்ல?" என்று பின்னால் அவன் சொன்னது மழையில் பாதிதான் காதில் விழுந்தது.

பச்சை கேட்டுக்கு இப்போது கறுப்புப் பெயின்ட். குடை பிடித்துக்கொண்டு வத்சலா டீச்சர் நின்றார். சின்னதாகிவிட்டார், தலை முழுக்க வெள்ளை, கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடி, கண் ஆபரேஷன் பண்ணினவர்களுக்குக் கொடுப்பது. கையில் போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓ.டி.பி. சொன்னார், "ஏழு, ஒன்பது, ரெண்டு, நாலு", அட்டெண்டன்ஸ் எடுக்கிற அதே குரல். கஜபதி தலையைத் திருப்பாமல் நம்பரை அடித்தான். மழைத்தொப்பி, முகத்தில் மாஸ்க், வெள்ளைத் தாடி, அவருக்கு எப்படித் தெரியும். நான்தான் டீச்சர் என்று சொல்ல இரண்டு தடவை வாயைத் திறந்தான், வெளியில் வந்தது "கண்ணாஸ்பத்திரிதானேம்மா" என்பதுதான். "ஆமாம்ப்பா, நாலரைக்கு வரச் சொல்லியிருக்காங்க, எங்க, ஒரு மணி நேரமா வண்டியே கெடைக்கல" என்றார். ஒரு மணி நேரம் என்பது அவனுக்கு முதுகில் அடித்த மாதிரி இருந்தது. படுதாவை இழுத்துக் கட்டிவிட்டு வண்டியை எடுத்தான். அதே பாதை. அப்போது டெப்போ பக்கத்தில் இருந்த பரோட்டாக் கடை இல்லை, செல்போன் கடை இருந்தது, பள்ளிக்கூடத்துச் சுவரில் பெயர் மாற்றி எழுதியிருந்தார்கள், மழைத் தண்ணீர் மட்டும் பழைய இடங்களிலேயே தேங்கி நின்றது. அந்தத் திங்கக்கிழமை. சரி, சொல்லித்தான் தொலைக்கணும், யாரிடம் மறைக்கிறோம். திங்கக்கிழமை அவன் பால் பூத் வரைக்கும்கூடப் போகவில்லை. ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினான், போன் மழையில் நனைந்து, காய்வதற்காக அரிசி டப்பாவில் கிடந்தது, அதுவும் ஒரு வசதி, செட்டிக்குளம் தெரு முனை வந்தது, கை திரும்ப வேண்டும், திரும்பவில்லை. டீச்சர் முகத்தை எப்படிப் பார்ப்பது, அந்த ஐநூறைத் திருப்பிக் கொடுத்தால் இன்னும் கேவலமாக இருக்கும், கொடுக்காமல் இருந்தால் அதைவிடக் கேவலம், மெக்கானிக்கிடம் நானூத்தி ஐம்பது அதில் போய்விட்டது வேறு. இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடுவோம், நாளைக்குப் போய்ச் சொல்லிக்கொள்வோம் என்று நேரே போனான். நாளைக்கு என்பது செவ்வாய், செவ்வாய்க்கிழமை திங்கக்கிழமை வராததற்கும் சேர்த்து வெட்கப்பட வேண்டியிருந்தது, புதன்கிழமை இரண்டு நாளுக்கும் சேர்த்து. அப்படியே ஒன்பது வருஷம். ஒரு வார்த்தை சொன்னதற்கு அவர்தான் தன்னை விலக்கிவிட்டார் என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு சௌகரியமாக இருந்தது. ரோடு மூணு தடவை போட்டுவிட்டார்கள், டெப்போ தாண்டி அந்த மேடு மட்டும் போகவில்லை, தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, மற்றவர்களுக்குத் தெரியாது, இவனுக்குத் தெரியும், வேகத்தைக் குறைத்தான், பத்தடி முன்னால் வாய் அதுபாட்டுக்குச் சொன்னது, மீட்டரைப் பார்க்காமல், இழுக்காமல்.

"மேடு டீச்சர்."

கண்ணாடியில் பார்த்தான். டீச்சரின் வலது கை, பேனாவும் இல்லை ஒன்றும் இல்லை, மடியிலிருந்த ஆஸ்பத்திரி ஃபைலை விட்டு மேலே எழும்பியது. வண்டி ஏறி இறங்கியது. கை எழும்பினது எழும்பினபடியே நின்றது. கொஞ்ச தூரம் போன பிறகு, "கஜபதியா?" என்றார். "ஆமாம் டீச்சர்." ஒன்பது வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு எல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை, அடிவயிற்றிலிருந்து ஒரே ஒரு வரிதான் வந்தது. "அன்னிக்கு மழையில அப்படிக் கேட்டிருக்கக் கூடாது டீச்சர். உங்ககிட்ட போயி பாத்துக் குடுங்கன்னு. புத்தி கெட்டுப்போய்க் கேட்டுட்டேன்."

"என்னைக்கு? என்ன கேட்ட?" என்றார் டீச்சர்.

"அந்த வெள்ளிக்கெழம. வண்டியத் தள்ளிக்கினு வந்தோமே. ஐநூறு ரூபா குடுத்தீங்களே."

டீச்சர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், கண்ணாடியில் தெரிந்தது, சும்மா அவனைத் தேற்றுவதற்காக இல்லை. "மழை ஞாபகம் இருக்கு. நீ தள்ளினது ஞாபகம் இருக்கு. காசு குடுத்தேனா? குடுத்திருப்பேன்ப்பா, அவ்வளவு கஷ்டப்பட்டியே." அவர் ஃபைலைச் சரிசெய்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார், குரலில் கோபம் இல்லை, பிள்ளைகளிடம் ஹோம்வொர்க் ஏன் கொண்டு வரவில்லை என்று கேட்கிற மாதிரிதான் இருந்தது. "திங்கக்கெழம எட்டேகால் வரைக்கும் கேட்டுலயே நின்னேன் கஜபதி. தண்ணில தள்ளி உனக்கு உடம்பு ஏதாவது ஆயிடுச்சோன்னு. போன் வேற போகல. உன் வீடு எங்கன்னுகூட எனக்குத் தெரியாது பாரு, பதினொரு வருஷத்துல கேட்டுக்கணும்னு தோணல."

கஜபதி ஒன்பது வருஷமாகத் தப்பான தப்புக்கு அழுதுகொண்டிருந்திருக்கிறான். மாஸ்க் உள்ளே நனைந்தது, அது மழை இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசல் வந்தது. திரையில் முன்னூத்திப் பன்னிரண்டு என்று காட்டியது. "டீச்சர், வேணாம்" என்றான். "எதுக்கு வேணாம்? சவாரி வந்தா காசு வாங்கணும்" என்று சொல்லி, தாள்களைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்துப் பார்த்து எண்ணி அவன் கையில் வைத்தார். குடையை விரித்தார். இரண்டு அடி போனவர் திரும்பி, "பாத்துப் போப்பா, ரோடெல்லாம் தண்ணி" என்றார், எல்லாரும் எல்லாரிடமும் சொல்வதுதான், கண்ணாடிக் கதவு திறந்து அவரை உள்ளே வாங்கிக்கொண்டது.

வண்டியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வாசல் ஓரமாக நிறுத்தினான். ஆப்பை அணைத்தான், இந்தத் தடவை யாரும் சொல்லி இல்லை. கண் ஆஸ்பத்திரி என்றால் மருந்து விட்டு உட்கார வைப்பார்கள், ஒரு மணி நேரம் ஆகும், ஒன்றரை மணி நேரமும் ஆகும், வெளியில் வரும்போது அவருக்குக் கண் மங்கலாகத்தான் தெரியும். மழை விடுகிற மாதிரி இல்லை. படுதாவின் ஓட்டை வழியாகச் சாரல் முழங்காலில் அடித்தது, இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. போன் அடித்தது, இருதயராஜ். "மச்சான், ரேட்டு ரெண்டே காலுக்கு வந்துடுச்சுடா, இன்னிக்கு வுட்டா இனிமே ஐப்பசி மழைதான். எங்கடா கீற நீ?"

"கேட்டுல நிக்கிறேன்" என்றான் கஜபதி.